நெய் பேசி முடிக்கும் வரை

வெண்ணெய் உருண்டையைப் பித்தளைப் போசிக்குள் வழித்துப் போடுகிறேன், விரலிடுக்கை விட்டு வரமாட்டேன் என்கிறது, குழாயில் காட்டினால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடுகிறது, பிசுக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. தண்ணிக்கும் இதுக்கும் ஆகாது. சீயக்காய்ப் பொடி போட்டால் போகும், ஆனால் அந்த வாசம் நெய்யில் ஏறிக்கொள்ளும் என்று அத்தை கத்தும், அதனால் முந்தானையில் துடைக்கிறேன், முந்தானையும் பிசுக்கு. கதவுக் கொண்டி பிசுக்கு, சுவிட்சு பிசுக்கு, சாமி படத்துக் கண்ணாடி பிசுக்கு, கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே என் தாலிக்கயிறு மஞ்சள் போய் நெய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஊத்துக்குளியில் நெய்க்கார நாச்சிமுத்து வீடு எது என்று யாரும் வழி கேட்க வேண்டியதில்லை, கண்ணைக் கட்டி விட்டாலும் மூக்கு கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த வீட்டு மருமகள் நான். அந்த வீட்டுப் பேத்தி என் பாப்பா. இன்றைக்கு அவளுக்கு முதல் சோறு. முன் அறையில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம், நிறைந்து கிடக்கிறது, நடுவில் அத்தை மடியில் பாப்பா பட்டுப் பாவாடைக்குள் முங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் போசியில் இருப்பது உருகி முடிந்ததும் ஒரு கரண்டி மோந்து பருப்புச் சோற்றில் விட்டுப் பிசைந்து அவள் வாயில் வைப்பார்கள். அத்தை ஒரு வாய், மாமா ஒரு வாய், அப்புறம் வந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாய். அதில் ஒரு வாய்கூட அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் மந்தம், பேதி அந்த மாதிரி இல்லை. வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, அது வெந்துபோகும் என்று கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்னார். இன்னொரு தடவை இப்படித் தூக்கிக்கொண்டு வந்தால் என்னால் ஒன்றும் வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார். எனக்குத் தெரியும். என்னைக் கட்டினவர், இவருக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் அடுப்பைப் பற்ற வை என்கிறார்கள். பற்ற வைக்கிறேன்.

வெண்ணெய் ஓரத்திலிருந்து சரிகிறது, மஞ்சளாக இறங்கி மேலே வெள்ளை நுரை கட்டி, இதோ பேச ஆரம்பித்துவிட்டது. இந்த வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், நெய் பேசுது. வெண்ணெய்க்குள் ஒளிந்திருக்கிற மோர்த்தண்ணி சூடு தாங்காமல் வெடித்து வெளியே ஓடுகிற சத்தம், சடசட சடசட. தண்ணி முழுக்கப் போனால் சத்தம் நிற்கும், நின்றதும் முருங்கை இலை ஒரு கொத்துப் போட்டு இறக்கிவிட வேண்டும், அதற்கு மேல் அடுப்பில் இருந்தால் அடிக்கசடு கருகிப் போசி முழுக்கக் கசந்துபோகும். நெய் பேசி முடிக்கிற வரைக்கும் நாம பேசக்கூடாது, காது அங்கயே இருக்கோணும், என்பது அத்தை சட்டம். எனக்கு அது சிரமமே இல்லை. நான் எங்கே பேசினேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் டீச்சர் என்பது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும், வராத பிள்ளை என்று எழுதிக்கொள்வார்கள், அஞ்சாவதோடு நான் நிஜமாகவே நின்றபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போதும் அப்படித்தான் வாக்கியத்தைக் கட்டிக் கட்டி வைத்துக்கொள்கிறேன். அத்தை, பாப்பாவுக்கு நெய் வேண்டாமுங்க. இது சரியாக இருக்கிறதா. அத்தை, வெறும் சோறு மட்டும் ஊட்டலாமுங்களா. இது கேட்கிற மாதிரி இருக்கிறது, கேட்டால் வேண்டாம் என்றுவிடும். "வாணீ" என்று முன் அறையிலிருந்து அத்தை குரல். "தீய எச்சா வெக்காத. மொத நெய் பெத்தவ கையாலதான் உருக்கோணும். கருக உட்டுறாத சாமி, மானம் போயிரும்." யாரோ ஒருத்தி சிரிக்கிறாள், திருப்பூர்ச் சித்தியாகத்தான் இருக்கும். "ஆமாங்கக்கா, உங்க மாமியா காலத்துல ஒருத்தி கருக்குனாளாமே?" "கருக்கல்காரியா? எங்க மாமனாரோட தங்கச்சி அவ. மொத நெய் கருகுனா சாமி வேண்டாமுன்னுருச்சுன்னுதானே அர்த்தம். அந்தப் புள்ளைக்கு அதுக்கப்பறம் நெய்யே காட்டல. வந்த ஒறம்பரை எலை போடாமத் திரும்பிப் போச்சு. அவ சாகற வரைக்கும் கருக்கல்காரிதான்." சடசட சடசட. கரண்டியை எடுத்து நுரையை ஒதுக்குகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போன நாள். பாப்பா ராத்திரி முழுக்கக் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்தி, விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். வந்தது ரத்தமாக இல்லை. தக்காளியில் பாலை ஊற்றிக் கலக்கின மாதிரி, ரோஸ் கலரில். நர்சு குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு நர்சைக் கூப்பிட்டாள். குழாயைத் தாங்கியில் நிறுத்திவைத்திருந்தார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், கொஞ்ச நேரத்தில் மேலே வெள்ளையாக ஏடு கட்டியது. என் மகள் ரத்தத்தில் ஏடு. எங்கள் வீட்டில் பால் பானையில் கட்டுமே, அதே ஏடு. இவர் அதைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா சின்ன வயசு, கழுத்தில் ஒன்றும் போடாமல், முகத்தில் தூக்கம் இல்லாமல். வீட்டில் என்ன தொழில் என்றார். நெய் என்றார் இவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி. "அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்" என்று ஒரு டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். லிப்பிடு என்று ஒரு பெரிய குடும்பமாம். நெய், எண்ணெய், தேன்மெழுகு, தாய்ப்பாலில் இருக்கிற கொழுப்பு, கொலஸ்ட்ரால், எல்லாம் அதில் ஆட்கள். ஒருத்தருக்கொருத்தர் ஜாடைகூட இருக்காது. பிறகு எதனால் ஒரு குடும்பம் என்றால், எல்லாருக்கும் தண்ணியைப் பிடிக்காது, அவ்வளவுதானாம். எனக்கு அது அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. வெறுப்பை வைத்தே ஒரு குடும்பம். இந்த வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாரோ என்று நினைத்தேன். ரத்தம் தண்ணி, கொழுப்புக்குத் தண்ணி ஆகாது, அதனால் கொழுப்பு ரத்தத்தில் போகும்போது உடம்பு அதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, மேலே தண்ணியோடு ஒத்துப்போகிற ஒரு சட்டையைப் போட்டு அனுப்புமாம். போய்ச் சேர்ந்த இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்க ஒரு கத்தரி மாதிரி சத்து வேண்டும். "உங்க பாப்பாவுக்கு அந்தக் கத்தரி பிறவியிலேயே வேலை செய்யலம்மா. பொட்டலம் எல்லாம் பிரியாம ரத்தத்துலயே சுத்துது. அதான் பால் மாதிரி." முழங்கையில், பிட்டத்தில் மஞ்சள் மணிமணியாக இருந்ததே, அத்தை வேர்க்குரு என்று வெண்ணெய் தடவியதே, அதுவும் அந்தக் கொழுப்புத்தான், போக இடம் இல்லாமல் தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. "புரிஞ்சுதாம்மா? எங்க, நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்றார். எல்லாம் தெரியும், ஒரு சொல் விடாமல் உள்ளே நிற்கிறது, வாய்தான் திறக்கவில்லை. தலையை ஆட்டினேன். அவர் இவரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் அவங்களுக்குப் பொறுமையாச் சொல்லுங்க" என்றார். எனக்கா. இவரா.

நுரை அடர்ந்து மேலே ஏறுகிறது, ஊதி ஊதி அமுக்குகிறேன். சத்தம் இப்போதுதான் கெட்டியாகியிருக்கிறது, கும்பல் கும்பலாகப் பேசுகிற மாதிரி, முன் அறை மாதிரியே. "பேத்தி என்னங்கக்கா இப்பிடி நோஞ்சானாட்டம்? நெய்க்காரரு ஊட்டுப் புள்ளைன்னா கன்னம் வழிய வேண்டாமா?" "பெத்தவளுக்குப் பாலு வத்திப்போச்சு. பொடிப்பாலுல எந்தப் புள்ளை தேறும்? இன்னைக்கு நெய்யி உள்ள போகட்டும், அப்பறம் பாரு எம் பேத்திய." பால் வற்றவில்லை. வற்ற வைத்தார்கள். என் பாலில் இருக்கிற கொழுப்பும் அவளுக்கு விஷம் என்று நிறுத்தச் சொன்னபோது மார் இரண்டும் கல்லாகக் கட்டிப்போய்க் கிடந்தேன், சமையல்கட்டு அங்கணத்தில் குனிந்து நின்று பீய்ச்சி விட்டேன், வெள்ளையாகத் தரையில் ஓடியதில் எறும்பு வந்தது. பிறகு மல்லிகைப் பூவை அரும்பாக வாங்கி மார்மேல் பரத்தித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள், அந்த வாசத்தில் பால் வடிவது நிற்கும் என்று. அடுத்த அறையில் பாப்பா கத்துகிறாள், என் மாரில் கல்யாணப் பெண் வாசம். அன்றிலிருந்து மல்லிகையைக் கண்டால் குமட்டுகிறது. இன்றைக்கும் சித்தி ஒரு முழம் கொண்டுவந்து தலையில் வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பொடிப்பாலோடு ஒரு பாட்டில் எண்ணெய் தந்திருக்கிறார்கள், தேங்காயிலிருந்து பிரித்தது, கொழுப்புக்கு வால் மாதிரி ஒன்று உண்டாம், இதன் வால் குட்டையாம், குட்டை வால் உள்ளது ரத்தத்தில் பொட்டலமாகச் சுற்றாமல் குறுக்கு வழியில் நேராக ஈரலுக்குப் போய்விடுமாம். நெய்க்கு நீள வால், நேர் வால், விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நெருக்கி அடுக்கிக்கொள்ளும், அதனால்தான் மார்கழியில் உறைகிறது. கடலை எண்ணெயின் வால் வளைந்தது, அடுக்க வராது, அதனால் உறைவதில்லை. இதை இவரிடம் சொன்னேன், பொட்டலம், கத்தரி, வால் எல்லாம், இருட்டில் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச வரும். இவர் அத்தையிடம் போய், "தேங்காயெண்ணெ மட்டும் தரலாமாமா" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தேறியது. அத்தை மறுநாளே செக்குத் தேங்காயெண்ணெயைக் கஞ்சித் தண்ணியில் விட்டுப் புகட்டியது, கடையில் வாங்கின பாட்டிலைவிட நம்ம செக்கு சுத்தம் என்று, அதில் நீள வாலும் கலந்திருக்கும். அதற்கடுத்து நாக்கில் துளி நெய்யைத் தடவியது. அன்று சாயந்திரமே வயிறு ஊதி மறுபடி கோயமுத்தூர். திரும்பி வந்த பிறகு அத்தை சொன்னது: "பொடிப்பாலுதான் ஆகலை." நான் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலைக் கழுவினேன். நேற்று இரவு இவரிடம் மறுபடி சொன்னேன், அத்தைகிட்ட வேண்டாமுன்னு சொல்லுங்க, நீங்க சொன்னாக் கேக்கும். "ஒரு வாய்தானே புள்ள. வந்தவங்க முன்னால நெய் வேண்டாமுன்னா ஊரே கேக்கும், நெய்க்காரன் பேத்திக்கே நெய் ஆகாதாமே, அப்ப அந்த நெய்யில என்ன கலப்படமோன்னு. அம்மா யாவாரத்தப் பாக்குது. தப்பா?" திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு எனக்கு. அந்த முதுகில் ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

சத்தம் இளைக்கிறது. சடசட போய் இப்போது சட், சட் என்று தனித்தனியாக. வாசம் மாறிவிட்டது, இந்த வாசத்துக்குத்தான் ஊரே மயங்குகிறது, எனக்கு எரிச்சல். வெறுக்கவும் முடியவில்லை முழுசாக. டாக்டரம்மா அதையும் சொல்லித்தான் அனுப்பினார், கொழுப்பு அடியோடு இல்லாமலும் வளர முடியாதாம், சொட்டுக் கணக்கில் சூரியகாந்தி எண்ணெய் எழுதித் தந்தார், உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அதில் இருக்கிறதாம். உடம்பில் எத்தனை உயிரணு உண்டோ அத்தனைக்கும் சுவர் இந்தக் குடும்பத்து ஆட்கள்தான், தலை தண்ணிப் பக்கம், வால் உள் பக்கம், இரண்டு வரிசையாக வாலோடு வால் வைத்து நிற்பார்களாம். தண்ணியை வடித்துவிட்டால் மூளையில் பாதிக்கு மேல் இதுதான். பிறந்தபோது பாப்பா மேலெல்லாம் வெள்ளையாக மாவு மாதிரி பூசியிருந்தது, அதுவும் இதே குடும்பம், தண்ணிக்குள் கிடந்த தோல் ஊறிப்போகாமல் காத்தது. அத்தை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி, "நெய்க்காரரு பேத்தி, வெண்ணெய பூசிக்கிட்டே வந்துட்டா" என்று சிரித்தது. அன்றைக்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் அத்தையை வெறுப்பது கொஞ்சம் கஷ்டமாகிறது, கஷ்டப்பட்டு வெறுக்கிறேன். என் அப்பனுடன் பிறந்தது அத்தை. டாக்டரம்மா கேட்டார், சொந்தத்தில் கட்டினீங்களா. அத்தை மகன் என்றார் இவர். இரண்டு பக்கமும் கோளாறு ஒளிந்துகொண்டே வந்து, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் இப்படி ஆகுமாம். அத்தை என்னவோ என் அம்மா வழி ரத்தம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறது. என் அம்மா எங்கிருந்தோ வந்தவள். இந்த ஏடு என் அப்பன் வீட்டு ஏடு, அத்தை வீட்டு ஏடு. மாமாவும் அத்தைக்கு முறை மாப்பிள்ளைதான். அங்கேதான் என் புத்தி போய் மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அங்கேயே. இவருக்கு முன்னால் அத்தைக்கு ஒரு பெண்பிள்ளை. பூவாத்தாள் என்று பேர். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளிக் கொலுசு மாட்டியிருக்கிறதே, அது அவளுடையது. நான் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே அத்தை சொன்னது. "வவுறு ஊதி ஊதிச் செத்துப்போச்சு வாணி. காலை மடக்கிக்கிட்டுக் கத்தும். ஒடம்புல தெம்பில்லாமத்தான்னு கரண்டி கரண்டியா நெய்யூட்டுனேன். அப்பவும் நிக்கலையே." அன்றைக்கு நான் ஒன்றும் நினைக்கவில்லை. இப்போது அந்தக் கரண்டியைத்தான் கையில் வைத்திருக்கிறேன், அதே கரண்டியோ என்னவோ. அத்தையைக் கொல்ல ஒரு வாக்கியம் போதும். அத்தை, பூவாத்தாளை நெய்யூட்டிக் கொன்னது நீங்கதானுங்க. இந்த வாக்கியம் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக, திக்காமல், முழுசாக வருகிறது. முன் அறைக்குப் போய், ஒறம்பரை நடுவில், இதைச் சொன்னால் போதும். நெய் யாரும் ஊட்ட மாட்டார்கள். அத்தை இருந்த இடத்திலேயே உறைந்துபோகும். நாக்கு நுனியில் இனிக்கிறது. இனிக்கிறதே என்று பயமாகவும் இருக்கிறது. முந்தாநாள் கூடத்தில் அத்தை அந்தக் கொலுசைக் கழற்றிச் சாம்பல் போட்டு விளக்கிக்கொண்டிருந்தது, பாப்பாவுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்தாது, இவளுக்குக் கால் கொஞ்சம் பெருசு என்றது, குரல் ஒரு மாதிரி. வேண்டாம். அதை நான் சொல்ல மாட்டேன். பாவம் பார்த்து இல்லை. சொல்லிவிட்டால் அப்புறம் அந்த முகத்தோடு நான்தான் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

சட். அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டது. நுரை விலகி நடுவில் கண்ணாடி மாதிரி தெரிகிறது, அடியில் கசடு தேன் நிறம். இப்போது முருங்கை இலை. இலை இங்கேதான் இருக்கிறது, உருவிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். அடுப்புத் திருகு இங்கேதான் இருக்கிறது, இடது கைக்கு எட்டுகிற தூரத்தில். அணைக்கவில்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நின்றுகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். கசடு தேனிலிருந்து புளி நிறத்துக்குப் போகிறது. மொத நெய் கருகுனா சாமி வேண்டாமுன்னுருச்சுன்னு அர்த்தம். டாக்டர் பேச்சை அத்தை கேட்காது, மகன் பேச்சைக் கேட்காது, சாமி பேச்சைத் தாண்டாது. காலண்டரில் சாமி படம் இருக்கிற தாளைக்கூட எறியாமல் அடுக்கி வைத்திருக்கிற ஆள். அந்தப் புள்ளைக்கு அதுக்கப்பறம் நெய்யே காட்டல. வெறும் சோறு, வெறும் பருப்பு, என் பாட்டிலில் இருந்து என் சொட்டு. ஒறம்பரை இலை போடாமல் போகட்டும், எச்சில் இலை எடுக்கிற வேலை மிச்சம். புளி நிறம் போய்க் காப்பிக்கொட்டை. மேலே மெல்லிசாக ஒரு நூல் புகை. ஊரில் என்னைக் கருக்கல்காரி என்பார்கள், சாகிற வரைக்கும், பாப்பா கல்யாணத்தில்கூட யாராவது சொல்வார்கள், கல்யாணத்தில், அப்படியென்றால் அவளுக்குக் கல்யாணம் நடக்கும். சந்தேகப்பட ஆள் இல்லை. இவளுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது, வாயில்லாப் பூச்சி, அஞ்சாங்கிளாசு. இத்தனை வருசம் பேசாமல் இருந்ததற்கு வட்டி வருகிறது. அத்தை, நெய் வேண்டாமுங்க என்று கட்டி வைத்த வாக்கியம் எல்லாம் வீண், பரவாயில்லை, நெய்யே சொல்லிவிட்டுப் போகட்டும், என்னைவிட அதற்குத்தான் இந்த வீட்டில் மரியாதை. புகை தடித்துவிட்டது. கருகல் வாசம் நிலையைத் தாண்டி முன் அறைக்குப் போகிறது, கால் வைத்து நடந்து போகிற மாதிரி எனக்குத் தெரிகிறது, அங்கே பேச்சு ஒவ்வொருத்தராக நிற்கிறது, சித்தி நிறுத்திவிட்டாள், மாமா நிறுத்திவிட்டார், இப்போது அத்தை மூக்கைத் தூக்கும். கருப்பு ஆகிவிட்டது, முழுசாக. இனிமேல் அணைத்தாலும் ஒன்றும் இல்லை. பாப்பா மட்டும் ஏதோ மழலையில் கத்திக்கொண்டிருக்கிறாள், வயிறு நோகாத கத்தல், எனக்கு வித்தியாசம் தெரியும். "வாணீ! ஏ வாணீ! அய்யோ என்ன வாசம் அது, அட பாவி, இங்க வாடி!" வர்றேனுங்க அத்தை. திருகைத் திருப்பினேன், இலைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டேன், கை தவறின மாதிரி இருக்கட்டும். புகையில் கண் எரிந்து தண்ணி தண்ணியாக வருகிறது, நல்லதாகப் போயிற்று, அழுகிறேன் என்று நினைப்பார்கள், தலையைக் குனிந்து, முந்தானையை வாயில் வைத்து, எப்போதும்போல ஒரு சொல் பேசாமல், இந்தக் கறுத்த போசியைக் கையில் பிடித்துக்கொண்டே போய் அவர்கள் எல்லாருக்கும் முன்னால் நான் நிற்கிறேன்.